மூன்றாம் பூச்சு

ராத்திரி பார்க்க வெள்ளை நன்றாகத்தான் இருந்தது.
காலையில் வந்தால் அலமாரிக் கதவெங்கும்
ரூய்போஸ் தேநீர் சிந்தினாற்போல்
சிவப்புத் திட்டுகள்.

ஜேக்கப்ஸ் கடையில் சகரன்
நான் நீட்டிய டப்பாவை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.
"பெயிண்ட்மேல் பழி போடாதீங்க அக்கா.
அடியில் சாயம் இருக்கு.
அதை மூட முடியாது, நிறுத்தத்தான் முடியும்."
கொடுத்தனுப்பினான்:
சர்க்கரை சோப்பு ஒரு பொட்டலம்
(தின்னவும் ஆகாது, குளிக்கவும் ஆகாது),
நூற்றிருபதிலும் இருநூற்றிருபதிலும் உப்புத்தாள்,
வெள்ளை அரக்குப் பூச்சு ஒரு லிட்டர்.
"அரக்கு மாளிகை கட்டவா?" என்றேன்.
"சீக்கிரம் தீப்பிடிக்கும், அடுப்புப் பக்கம் வைக்காதீங்க" என்றான்,
பாரதம் முழுக்கக் கேட்டவன் போல.

கதவுகளைக் கழற்றி
மாடியிலிருந்து ஒவ்வொன்றாய் நானே இறக்கினேன்.
கனமே தெரியவில்லை.
இந்த வயதிலும் என் கைக்கு இவ்வளவு பலமா என்று
கொஞ்சம் பெருமைகூடப் பட்டேன்.

கொடிக்குக் கீழே கிடத்திக் கழுவினேன்.
கைப்பிடியைச் சுற்றி
முப்பத்தோரு வருஷத்து விரல் எண்ணெய்.
மெர்பாங்கில் கழுவியது காய்வதற்குள்
கரி வந்து உட்காரும். மறுபடி துடைத்தேன்.
மின்தேய்ப்பான் பாதிக் கதவு போனது.
பன்னிரண்டு மணிக்கு எங்கள் தெருவின் முறை,
கரண்ட் போய்விட்டது.
மீதியைக் கையால்,
நார் ஓடும் வாக்கில்.

மகோகனி அலமாரி. என் சீர்.
வருகிறவர்களிடமெல்லாம் மாமியார்
கதவைத் தட்டிக் காட்டுவார்:
"கேளுங்க சத்தத்தை."
சாகிறவரை தட்டினார்.

செந்தூள் விழுந்தது மடியில்.
பிறகு மஞ்சள் தூள்.
பிறகு டிசம்பர் மாதக் கடைகளின் வாசனை.
பைன்.
பழப்பெட்டி அடிக்கிற பைன்.

கல்யாணத்துக்கு முந்தின இரண்டு இரவும்
அண்ணன் கிருபாகரன்
கொல்லையில் விளக்குப் போட்டுக்கொண்டு
எதையோ பூசிக்கொண்டிருந்தான்.
சிவந்த அந்தக் கையால்தான் அட்சதை போட்டான்.
ஆம்பிளைக்கு என்ன மருதாணி என்று
யாரோ கேலி செய்தார்கள்.

சாயம் வெளுத்தது என்பார்களே,
அது வெளுக்க இவ்வளவு தேய்க்க வேண்டும் என்று
யாரும் சொன்னதில்லை.
சிரித்தேன்.
தூசிமூடிக்குள் போக இடமில்லாமல்
சிரிப்பு கண் வழியாக வந்தது.

தயாளன் எட்டிப் பார்த்தார்.
"பைனுங்க" என்றேன்.
"ஆமா" என்றார்.
"ஆமாவா?"
"மாடிக்கு ஏத்தினது நானும் மூசாவும்தானே.
மகோகனின்னா நாலு ஆள் வேணும்.
நாங்க ரெண்டு பேர்
பாட்டுப் பாடிக்கிட்டே ஏத்தினோம்."

முப்பத்தோரு வருஷம்.
அவருடைய அம்மா அந்தக் கதவைத் தட்டிய போதெல்லாம்
இந்த மனுஷன்
பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை இஸிபிங்கோவிலிருந்து
நொம்வுலா பக்கியோடு வருவாள்.
(இங்கே பக்கி என்றால் சின்ன லாரி, வசவில்லை.)
செய்தி அனுப்பினேன்:
மகோகனி இல்லை, பைன். இருநூறு ராண்ட் குறைத்துக்கொள்.
உடனே பதில்:
தெரியும் ஆன்ட்டி, படத்திலேயே கணு இருந்ததே.

அரக்கு ஒரு கை. காய்ந்தபின் வெள்ளை ஒரு கை.
திட்டெல்லாம் நின்றுவிட்டது,
இடது கதவில், தோள் உயரத்தில்,
அந்த ஒரு கணுவைத் தவிர.
அது இன்னும் லேசாய் மஞ்சள் கசிகிறது.

தயாளன் சின்னத் தூரிகையோடு குனிந்து,
நாக்கைக் கடித்துக்கொண்டு,
அதன்மேல் மட்டும் அரக்கு வைக்கிறார்.
"அசையாதே, இப்பத்தான் பூசினது" என்கிறார்.
ஈரம் படாத ஓரமாய்ப் பார்த்து
நான் கதவை ஒரு தட்டுத் தட்டுகிறேன்.

சத்தம்
நன்றாகத்தான் இருக்கிறது.